கணக்கில் வராத காற்று

டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தபோது வீரையன் முதலில் பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினான். அப்புறம் ரோடு போட்டவனைத் திட்டினான். பாமணி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது எலிகளைத் திட்ட ஆரம்பித்து, மன்னார்குடிக்குள் நுழையும் வரை அவற்றையே திட்டிக்கொண்டு வந்தான். எலிகள் இருந்தது அவனுக்கு ரொம்ப வசதி. எது நடந்தாலும் பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டும், தன் தலையில் மட்டும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று காலம் தள்ளுகிற ஆள் அவன்.

வண்டி ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வேடிக்கை. குளிர்காய்ச்சல் கண்டவன்போல உதறும், ஒரு முக்கு முக்கும், நின்றுவிடும். இன்றைக்குப் புதிதாக பிரேக் பெடலும் கெட்டியாக இருந்தது. கடைத்தெருவில் குறுக்கே வந்த ஆட்டோவின் மேல் இடிக்காமல் நின்றது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் சேந்தங்கரைக்குப் போக வேண்டும். சர்வேயரையும் எரிவாயுக் கம்பெனி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கம்பெனி சூப்பர்வைசர் துரைராசு முந்தின நாளே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை வண்டி வழியில நின்னுச்சின்னா, அங்கேயே விட்டுட்டு நீ வீட்டுக்குப் போயிடு வீரையன். கான்ட்ராக்டு இனிமே கெடையாது." அந்தக் கான்ட்ராக்டு போனால் வீரையனிடம் மிஞ்சுவது இந்த உதறல் வண்டி மட்டும்தான். நிலம் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது அவனுடைய நிலமே இல்லை. அவன் டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவன். நிலம் அவன் பெண்டாட்டி பூவம்மாளுடையது. அவளுடைய அப்பா கல்யாணத்தின்போது சேந்தங்கரையில் மூன்று மா நஞ்சையை மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த வயல் அவளுடைய அண்ணன் மருதையனுடையது. ஒரே மடையில் தண்ணீர் பாயும். அண்ணனே அதையும் சேர்த்து உழுது நட்டு, அறுப்பு முடிந்ததும் தங்கச்சிக்கு உரிய நெல்லை மூட்டை கட்டி வண்டியேற்றி அனுப்புவார்.

எரிவாயுக் கம்பெனிக்காரன் குழாய் பதிக்க வந்தபோது டெல்டா முழுக்கக் கொந்தளித்தது. ஆளுங்கட்சி மேடையில் எதிர்த்தது. எதிர்க்கட்சி அதே மைதானத்தில் அதைவிடப் பெரிய மேடை போட்டு எதிர்த்தது. ஐந்து வருடம் கழித்து இருவரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு மறுபடி எதிர்த்தார்கள். குழாய் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சேந்தங்கரையில் ஒருத்தரும் நிலம் தருவதில்லை என்று கோயிலில் கூடி முடிவெடுத்தார்கள். கம்பெனிக்கு அங்கே வால்வு வைக்க ஒரு மூலை வேண்டியிருந்தது. அந்த மூலை வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் பேரில் இருப்பதை யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

துரைராசு வீரையனின் வீட்டுக்கு வந்தார். நாக்கில் தேனைத் தடவிக்கொண்டு பேசினார். நிலத்தைக் கொடு, வண்டி வாங்கு, வண்டியை நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம், டிராக்டரில் முதுகெலும்பு தேய்ந்தது போதும் என்றார். வீரையன் மயங்கிவிட்டான். பூவம்மாள் மாட்டேன் என்றாள். அவன் சோறு தின்னாமல் கிடந்தான், கத்தினான், காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கடைசியில் அவள் ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்கு வந்து யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அவர்கள் வாழ்கிற மேலக்கொத்தூரிலும் நல்லது கெட்டதுக்கு யாரும் அழைப்பதில்லை. பூவம்மாள் தெருக்குழாய்க்குப் போனால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்படி ஊரையும் உறவையும் கொடுத்து வாங்கிய வண்டிதான் மன்னார்குடி தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் பஞ்சநதத்தின் ஒர்க்‌ஷாப் வாசலில் உதறிக்கொண்டு நின்றது.

பஞ்சநதம் வாயாடி. தன்னைப்போல் மெக்கானிக் கும்பகோணத்திலும் கிடையாது, தஞ்சாவூரிலும் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். இந்த வண்டியில் அவன் ஏற்கெனவே இரண்டு தடவை முதலில் கோட்டை விட்டிருந்தான். ஒரு தடவை புகைக்குழாயில் இருக்கிற சென்சாரை அனாவசியமாக மாற்றினான். இன்னொரு தடவை பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினான். அதைப் பற்றி இப்போது கேட்டால் அவனுக்குக் காது கேட்காது.

ஸ்கேனர் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டுச் சின்னத் திரையில் வந்த கோளாறு எண்ணைப் பார்த்தான்.

"அதேதாண்ணே. ஒன் செவன் ஒன். போன தடவை வந்த அதே கோடு."

"அதை அழிச்சி விட்டுடேன். நாளைக்கி ஒரு நாள் ஓடுனா போதும்."

"கோடை அழிச்சா வெளக்கு அணையும். நோவு போவுமா? நாளைக்கி நடுரோட்டுல நிக்கும், பரவால்லையா?"

வீரையன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான். பஞ்சநதம் பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். வேலையை விடப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

"இந்தக் கோடுக்கு என்ன அர்த்தம் தெரியுமாண்ணே? காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. என்ஜினுக்குள்ள போற காத்தை வாசல்ல நின்னு ஒரு சென்சாரு அளக்குது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் ஊத்துவாங்க. கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதிச்சி வர்ற காத்து அந்தக் கணக்குல வராது. என்ஜின் காத்தை உறிஞ்சி இழுக்குற குழாய்ங்க இருக்கு பாருங்க, அதுல எங்கியோ ஓட்டை. அதான் மூச்சு முட்டுது."

"பெட்ரோல் பம்பா இருக்கலாம்னு போன தடவை நீதானே சொன்னே?"

பஞ்சநதத்துக்குக் காது கேட்கவில்லை. ஆக்சிலேட்டரைக் கையால் இழுத்துப் பிடித்தான். என்ஜின் சீறியது. திரையில் பெட்ரோல் குறையைக் காட்டுகிற எண் மளமளவென்று இறங்கியது. "பாருங்க. வேகமா ஓடும்போது சரியாயிடுது. பெட்ரோல் பத்தலைன்னா வேகத்துலதான் மோசமாகணும். இது சும்மா நிக்கிறப்பதான் மோசம். ஓட்டைதான், சந்தேகமே இல்ல. எங்கன்னுதான் கண்டுபுடிக்கணும்."

வண்டிக்குள் இருக்கும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். மேல்பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தன. புரட்டாசியில் ஒரு குழாயில் ஓட்டை, ஐப்பசியில் வேறொரு குழாயில் ஓட்டை. இரண்டு தடவையும் கடைசியில் எலி என்று சொல்லிப் புதுசு மாட்டினான். அதை நம்பி வீரையன் நீலமேகம் என்கிற எலி பிடிக்கிற ஆளைக் கூட்டி வந்து, வண்டியைச் சுற்றிலும் மூங்கில் கிட்டிகளை வைத்து, பொரி நெல்லும் கருவாட்டுத் துண்டும் போட்டு வைத்தான். கொல்லையில் மேய்ந்த பூனைக்கு ஒரு கால் போனதுதான் மிச்சம். இந்தச் சீமையில் எது கடிபட்டாலும் எலிதான். சாக்கு கிழிந்தாலும் எலி, சாமி படத்தின் மூலை கிழிந்தாலும் எலி. அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

பஞ்சநதம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தான். மூடியில் இரண்டு குழாய் வைத்து அவனே செய்த சாமான் அது. டப்பாவுக்குள் நெருப்புத் தணலைப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குக் காட்டுகிற சாம்பிராணியை ஒரு பிடி அள்ளிப் போட்டான். ஒரு குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி அடித்தான். மற்றொன்றின் நுனியை நின்றுவிட்ட என்ஜினின் காற்றுப் பாதைக்குள் செருகித் துணியால் இறுக்கி அடைத்தான்.

"புகை உள்ள போயி, எங்க ஓட்டையோ அங்க வெளில வரும். பெரிய ஊர்ல இதுக்குத் தனியா மிஷின் வச்சிருக்கான்."

பம்பை அடிக்க அடிக்க ஒர்க்‌ஷாப் முழுவதும் சாம்பிராணி வாசனை. கொஞ்ச நேரத்தில் என்ஜினின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு கிளம்பி வளைந்து மேலே வந்தது. பஞ்சநதம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை உள்ளே விட்டு, தடித்த குழாய் ஒன்றைக் கழற்றி எடுத்தான். அதைத் திருப்பிப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றுபோனது. அதுவே வீரையனுக்குப் பயமாக இருந்தது.

"இது பிரேக்குக்குப் போற குழாய்ண்ணே. இன்னும் கொஞ்சம் கூட அறுந்திருந்தா பெடலு கல்லு மாதிரி ஆயிருக்கும். நீங்க ஆத்துக்குள்ளதான் கெடந்திருப்பீங்க."

"எலி அவ்வளவு கடிச்சிருக்கா?"

"எலி கடிச்சா பிச்சிப் பிச்சி எடுக்கும். பாதி ரப்பரு காணாமப் போயிருக்கும். இதைப் பாருங்க."

வீரையன் வாங்கிப் பார்த்தான். குழாயின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. கீறலின் இரண்டு ஓரத்திலும் பொடிப்பொடியாக, ஒரே சீராகப் பல் பதிந்திருந்தது. பிளேடு என்றால் வழவழவென்று அறுக்கும். ரம்பம் என்றால் பல் பெரிதாக இருக்கும். இவ்வளவு பொடிப் பல் ஒரே ஒரு சாமானுக்குத்தான் உண்டு. நெல் அறுக்கிற கருக்கரிவாளுக்கு.

பஞ்சநதத்துக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்தக் குழாய்ங்க எங்க இருக்கு, இதை அறுத்தா வண்டி நிக்கும்னு தெரிஞ்ச ஆளுதான் பண்ணியிருக்கணும். எனக்கென்ன தெரியும். ஊருக்குள்ள உங்களுக்கு ஆகாதவங்க எவ்வளவோ பேரு."

ஊருக்குள் ஆகாதவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் அவர்களில் யாரும் வண்டியின் பானட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தது ஒருத்திதான். மாசி அறுப்பின்போது நிஜமாகவே எலி ஒரு குழாயைக் கடித்து, வண்டி வீட்டு வாசலிலேயே கிளம்பாமல் நின்றுவிட்டது. பஞ்சநதம் பைக்கில் ஊருக்கு வந்தான். கடிபட்ட குழாயை விரலில் தூக்கிக் காட்டி, இவ்வளவு பெரிய வண்டியை இத்தனூண்டு ஓட்டை நிறுத்திவிட்டது பார்த்தீர்களா என்று கதை அளந்தான். மோர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பூவம்மாள், "இதுல ஓட்டை விழுந்தா வண்டி போவாதா?" என்று கேட்டாள். தனக்கு ஒரு ரசிகை கிடைத்த சந்தோஷத்தில் அவன் மற்றக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

புதுக் குழாயை மாட்டியதும் விளக்கு அணைந்தது. என்ஜின் குழந்தை தூங்குகிற மாதிரி ஓடியது. வீரையன் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வழியெல்லாம் சம்பாப் பயிர் பால் பிடித்து நின்றது. அவன் கண்ணில் எதுவும் படவில்லை. புரட்டாசியில் வண்டி நின்றது எடக்கோட்டகத்துக்கு அளக்கப் போன அன்று. ஐப்பசியில் நின்றது நல்லாம்படுகைக்கு அளக்கப் போன அன்று. மற்ற நாளில் ஆபீசரைக் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிப் போனால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இதை அவன் கவனிக்காமல் இல்லை. கவனித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான். இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் வெள்ளாட்டுக்குப் புல் அறுக்கிற கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு, விடிகாலையில் வாசல் தெளிக்கும்போது பானட்டைத் தூக்கியிருக்கிறாள். இவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்.

சாயங்காலம் பூவம்மாள் கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் அறுந்த குழாயை அவள் காலடியில் வீசினான்.

"இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"நான்தான்" என்றாள்.

"இது பிரேக்குக்குப் போறது. என்னைக் கொன்னுப்புடலாம்னு பாத்தியா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பதறினாள். கையிலிருந்த தழை கீழே விழுந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. முன்னாடி அறுத்ததெல்லாம் சின்னக் குழாய். நீங்க உடனே கண்டுபுடிச்சி மாத்திடறீங்க. நாளைக்கி அண்ணன் வயலு. எப்படியும் நிக்கணும்னுதான் ஒரு நாள் முன்னாடியே பெருசாப் பாத்து அடிப்பக்கமா அறுத்தேன். உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்."

அவள் அழவில்லை. வீரையனுக்கு அந்தப் பதற்றத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"கான்ட்ராக்டு போனா என்ன திங்கிறது? மண்ணையா? மண்ணுந்தான் போயிடுச்சே."

"அந்த மண்ணு வழியாத்தானே அண்ணன் வயலுக்குள்ள வர்றாங்க. நான் கையெழுத்துப் போடலைன்னா அந்த மூலை அவங்களுக்குக் கெடைச்சிருக்குமா? நீங்க போன்ல பேசுறது காதுல விழும். இன்ன ஊரு, இன்ன நாளு. அன்னிக்கி வண்டி போவாம இருந்தா அவங்களுக்கு ஒரு தவணை கெடைக்கும்ல. அறுப்பு வரைக்கும் தள்ளிப்போனாலும் போதும்னு நெனச்சேன். எடக்கோட்டகம் நின்னுச்சி. நல்லாம்படுகை நின்னுச்சி. யாருக்கும் தெரியாட்டாலும் நான் பட்ட கடனைக் கொஞ்சம் தீர்த்த மாதிரி இருந்துச்சி."

அதைச் சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரித் தெளிந்திருந்தது. ரொம்ப நாளாக அவன் பார்க்காத முகம். வீரையன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான், அவளுக்கு நன்றாக வலிக்க வேண்டும் என்றே சொன்னான்.

"எது நின்னுச்சி? ஒண்ணும் நிக்கலை. என் வண்டி நின்ன அரை மணியில கூத்தாநல்லூர்லேருந்து வேற வண்டி வந்துச்சி. சர்வேயரு அதுல ஏறிப் போனாரு. எடக்கோட்டகமும் அளந்தாச்சி, நல்லாம்படுகையும் அளந்தாச்சி. கல்லு நட்டு மஞ்ச பெயின்டும் அடிச்சாச்சி. நின்னது என் பொழப்பு மட்டுந்தான்."

பூவம்மாள் அவனையே பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ கேக்கலையே."

அவளிடம் வேறு யாரும் சொல்லியிருக்க வழியில்லை. அவளோடு பேசுவதற்குத்தான் ஊரில் ஆள் கிடையாதே. அவள் கீழே கிடந்த தழையை எடுத்து, பாதியில் விட்ட கட்டைக் கட்டி முடித்தாள். அப்புறம் உள்ளே போய் உலை வைத்தாள். கொஞ்சம் கடன் தீர்ந்தது என்ற அந்த ஒரு நினைப்பையாவது அவளுக்கு விட்டு வைத்திருக்கலாம் என்று வீரையனுக்குச் சாப்பிடும்போது தோன்றியது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

காலையில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"மன்னார்குடி வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. அங்கேருந்து பஸ்ஸுல சேந்தங்கரைக்குப் போறேன். அளக்கிறப்ப அண்ணன் பக்கத்துல நிக்கணும். பேசாட்டாலும் போகுது. நின்னாப் போதும்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. கதவைத் திறந்துவிட்டான்.

மன்னார்குடியில் பஸ் ஓடவில்லை. சேந்தங்கரைப் பக்கம் மறியல் என்றார்கள். துரைராசுவும் சர்வேயரும் டீக்கடை வாசலில் தயாராக நின்றார்கள். பின்னால் போலீஸ் வேன் ஒன்று. பூவம்மாள் இறங்கப் போனாள். துரைராசு குனிந்து பார்த்து, அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"மருதையன் தங்கச்சியா? இறங்காதீங்கம்மா, உக்காருங்க. நாங்களும் அங்கதான் போறோம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். நடந்து போனால் அளந்து முடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அவன் இறங்கிப் போய் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அவள் பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். வண்டி ஓர் உதறல்கூட இல்லாமல் ஓடியது.

சேந்தங்கரை வாய்க்கால் மதகில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் அவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் விட்டார்கள். அவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். மருதையன் தன் வயல் வரப்பில் கூட்டத்தை விட்டுத் தள்ளித் தனியாக நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு நின்றார். வண்டி மதகைத் தாண்டி அவரிடம் போய்த்தான் நின்றது.

பூவம்மாள் இறங்கினாள். கூட்டத்தில் இருந்த சத்தம் அப்படியே அடங்கியது. துரைராசு அவளுக்கு முன்னால் நடந்து போய், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி நல்ல குரலில் பேசினார்.

"மருதையன், உங்க தங்கச்சியே வந்திருக்காங்க பாருங்க. அவங்க நெலம் குடுத்தாங்க, இன்னக்கி நல்லா இருக்காங்க. சொந்த வண்டி. வேற யாரு சொல்லணும் உங்களுக்கு?"

மருதையன் தங்கச்சியைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலாம். களைத்துப்போன பார்வை அது.

"நீயும் கூட வந்துட்டியா ஆயி?" என்றார்.

பூவம்மாள் செய்ததை அவளே சொன்னால் யார் நம்புவார்கள்? கம்பெனி வண்டியில் வந்து இறங்கியவள் அந்த வண்டியைத் தானே அறுத்தேன் என்றால் சிரிப்பார்கள். அவள் திரும்பி வீரையனைப் பார்த்தாள். சொல்லக்கூடியவன் அந்த இடத்தில் அவன் ஒருவன்தான்.

வீரையன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மச்சான், இவ உங்களுக்காக விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சி என் வண்டியை அறுத்தவ. என் உசுரே போவ இருந்துச்சி. இவளைத் தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் துரைராசு கேட்பார். அவர் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி இன்னக்கி அருமையா வந்துச்சே வீரையன்" என்று துரைராசு திரும்பிக் கேட்டார். "என்னதான் கோளாறு இத்தனை நாளும்?"

அவள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலிங்க" என்றான் வீரையன்.

துரைராசு சிரித்தார். சர்வேயரின் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பால் பிடித்த பயிருக்குள் இறங்கி டேப்பை இழுத்தார்கள். மருதையன் தடுக்கவில்லை. தங்கச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பின் மறு கோடிக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டார். மதகில் இருந்த பெண்களில் யாரோ ஒருத்தி காறித் துப்பினாள்.

பூவம்மாள் கொஞ்ச நேரம் வரப்பில் நின்றாள். அண்ணனிடம் போக முடியவில்லை. மதகுப் பக்கமும் போக முடியவில்லை. கடைசியில் திரும்பி வந்து வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். வீரையன் பக்கம் அவள் அதற்கப்புறம் திரும்பவில்லை.